சிகிச்சைக்குப் பின் தொடரும் நோவும் மார்க்கம் தந்த சலுகையும்

அபூதாவூத் ஹதீஸ் கிரந்தத்தில் ஹள்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று வருகிறது. ஸஹாபாக்களில் சிலர் பிரயாணம் போனார்கள். வழியில் ஒருவர் தலையில் கல் பட்டு மண்டை உடைந்தது. காயம் ஆறுவதற்குள் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். தண்ணீரைப் பயன்படுத்த உம்மால் முடியும், ஆகவே சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரை இவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்குக் கேட்டறிவதுதானே மருந்து என்றும் கூறினார்கள்.

சலுகை இல்லை என்று சொன்னவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்களல்லர். மார்க்கத்தில் பேணுதலாக இருக்க வேண்டும் என்றே நினைத்தார்கள். அந்தப் பேணுதலைத் தங்கள் உடம்பில் வைத்துப் பார்க்காமல் அடுத்தவர் காயத்தின்மீது வைத்துப் பார்த்தார்கள். கோளாறு அங்கேதான் வந்தது.

இந்த ஹதீஸ் நம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. மஸ்அலா கேட்க வந்த ஒரு தாயார் திரைக்குப் பின்னிருந்து கேட்டார். மார்பகப் புற்றுநோய்க்கு ஆப்ரேஷன் ஆகி, கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து எட்டு மாதமாகிறது. வலக்கை வீங்கியே இருக்கிறது. தோள் முழுக்க உயரவில்லை. பகல் ஏறினால் நிற்கவே முடியாத அசதி. ளுஹரை உட்கார்ந்து தொழுதால், "கரண்ட் வைத்து முடித்து எட்டு மாதமாச்சே, இன்னுமா உட்கார்ந்து தொழுகை?" என்று வீட்டுப் பெரியவர்களே கேட்கிறார்களாம். தம்முடைய தொழுகை கூடுமா கூடாதா என்பதைவிட, தம் ஈமானில் குறை வந்துவிட்டதோ என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

பெண்களின் அந்தரங்க உறுப்பில் வரும் நோயைப் பற்றி மார்க்கப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் கூசலாம். அன்ஸாரிப் பெண்களை வெட்கம் மார்க்க அறிவைப் பெறுவதிலிருந்து தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. கேட்பவர்களுக்கு வெட்கம் தடையில்லை என்றால் எழுதுகிற நமக்கு மட்டும் ஏன்?

முதலில் நோவின் தன்மையை வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைப்பது' என்கிறோமே, அதில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர்களை நோய் இருந்த இடத்தில் செலுத்தி, மிச்சமிருக்கக்கூடிய நோயணுக்களை அழிக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாளாக, மூன்று வாரமோ ஐந்து வாரமோ, பெரும்பாலும் 15 முதல் 25 தடவை வரை இது நடக்கும். அடையாறு, வேலூர் என்று தங்கியிருந்து சிகிச்சை பெற்று, கடைசி நாள் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். வீட்டில் யாவரும் அல்ஹம்து லில்லாஹ் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் கதிர் நின்ற நாளில் அதன் வேலை நிற்பதில்லை. தோலின் எரிச்சல் கடைசித் தடவைக்குப் பிறகு ஓரிரு வாரத்தில்தான் உச்சத்துக்கு வரும். தோல் உரிந்து ஆறிய பிறகும் அந்த இடம் கறுத்தே இருப்பதுண்டு. அசதியோ சிலருக்குச் சில வாரத்தில் நீங்கும். சிலருக்குப் பல மாதம் இழுக்கும். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி அது. வேலை செய்து களைத்தவனுடைய களைப்போடு அதை ஒப்பிடக் கூடாது.

மாதங்களும் வருஷங்களும் கழித்துத் தலைகாட்டும் தொல்லைகளும் உண்டு. கதிர் பட்ட சதை இறுகிச் சுருங்கும். தோள் மூட்டு பிடித்துக்கொள்ளும். விலா எலும்பில் வலி நிற்கும். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை ('நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, அந்த நெறிகள்தாம்) எடுத்திருந்தாலோ, அங்கே கதிர் பட்டிருந்தாலோ, கையிலிருந்து வடிய வேண்டிய நீர் சரியாக வடியாமல் தங்கிவிடும். கை கனத்து வீங்கும். இது ஆப்ரேஷன் முடிந்த மறு மாதமும் வரலாம். ஐந்து வருஷம் கழித்தும் வரலாம். ஆகவே எட்டு மாதமாயிற்றே, பத்து மாதமாயிற்றே என்று நாட்காட்டியைக் காட்டிப் பேசுவது, நோயின் போக்கையே அறியாத பேச்சாகும்.

இன்னொரு தவறான எண்ணமும் சில வீடுகளில் இருக்கிறது. கரண்ட் வைத்தவள் பக்கத்தில் பிள்ளைகள் போகக் கூடாது, அவளுக்குத் தட்டும் குவளையும் தனியாக வைக்க வேண்டும் என்கிறார்கள். வெளியிலிருந்து இயந்திரத்தின் மூலம் வைக்கும் கதிர் அவள் உடம்பில் தங்குவதில்லை. புற்றுநோய் தொற்று நோயுமல்ல. பேரப்பிள்ளையை அவள் மடியில் வைத்துக் கொஞ்சலாம். ஒரே ஸஹனில் எல்லோருடனும் அமர்ந்து உண்ணலாம். மருத்துவர் விலக்காத உறவை நாமாக விலக்கி ஒரு முஸ்லிமின் மனத்தைப் புண்படுத்தினால், அதற்கு நாயனிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வலிக்கிறது என்று சொல்வதே ஸப்ருக்கு மாறு என்ற நினைப்பு நம் பெண்களிடம் ஆழமாக இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் என்ன நடந்தது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் கடும் தலைவலி. ஐயோ, என் தலையே என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. சற்றுப் பேச்சுக்குப் பிறகு, உன் தலையல்ல, என் தலைதான் வலிக்கிறது என்று தங்கள் நோவையும் வாய்விட்டே சொன்னார்கள். இதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் நோயாளிகள் பற்றிய பகுதியில் கொண்டுவந்து, எனக்கு வலிக்கிறது என்று நோயாளி சொல்லிக்கொள்ள அனுமதி உண்டு என்பதையே அந்தப் பாடத்துக்குத் தலைப்பாக இட்டார்கள். அத்தலைப்பிலேயே அய்யூப் நபி (அலை) அவர்களின் முறையீட்டையும் சேர்த்தார்கள். தமக்குத் துன்பம் தீண்டிவிட்டது என்று ரப்பிடம் முறையிட்டவர் அவர். அவரையே அல்லாஹ் பொறுமையாளர் என்றும் திருமறையில் சிறப்பிக்கிறான்.

உம்முஸ் ஸாயிப் (ரலி) அவர்கள் காய்ச்சலை ஏசியபோது, ஏசாதீர், கொல்லனுடைய துருத்தி இரும்பின் கசடை நீக்குவதுபோல் அது பாவங்களை நீக்குகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை நோயாளியின் கட்டிலருகே நின்று ஓதிக்காட்டுபவர்கள் உண்டு. ஹதீஸ் ஸஹீஹானது, முஸ்லிமில் வருகிறது. ஆனால் அங்கே விலக்கப்பட்டது காய்ச்சலை ஏசுவதுதான். காய்ச்சலை மறைக்கும்படியோ மருந்து வேண்டாம் என்றோ அதில் சொல்லப்படவில்லை. மேலும் அவர் நடுங்குவதைக் கண்டு, உமக்கு என்ன என்று முதலில் விசாரித்தது நாயகம் (ஸல்) அவர்களே. விசாரிப்பை விட்டுவிட்டு உபதேசத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்கு எளிதாக இருக்கிறது.

இனி மஸ்அலாக்களுக்கு வருவோம்.

தொழுகையில் நிற்பது பர்ளு. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் வருந்தியபோது, நின்று தொழும்படியும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். இது புகாரியில் உள்ளது. இங்கே எத்தனை மாதம் என்ற கணக்கே இல்லை. இயலுமா, இயலாதா என்பதே கணக்கு. அதனால் காலையில் நிற்க முடிந்தவர் சுபுஹை நின்று தொழுவார். அசதி மிகுந்த அஸரை உட்கார்ந்து தொழுவார். ஒரே நாளில் இரண்டும் நடக்கலாம், நடிப்பென்று எவரும் எண்ண வேண்டாம். நின்றால் மயக்கம் வரும், நோய் கூடும், குணமாவது தாமதிக்கும் என்ற நிலை உட்காருவதற்குரிய உதுர் என்று ஹனஃபி நூல்களில் காண்கிறோம். நிற்கும் சிரமத்தால் தொழுகையின் உள்ளச்சமே போய்விடும் அளவு கஷ்டம் இருந்தால் உட்காரலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் விளக்கம். கை மட்டும் வலிக்கிறது, கால் உறுதியாக நிற்கிறது என்றால் நிற்கத்தான் வேண்டும். சலுகை எங்கே தேவையோ அங்கே மட்டும்.

தக்பீருக்குக் கை உயர்த்துவது ஸுன்னத்து. தோள் எவ்வளவு உயருமோ அவ்வளவு உயர்த்தினால் போதும். ஒரு கை மட்டும் உயர்ந்தாலும் குற்றமில்லை. ஸுஜூதில்தான் பலர் திண்டாடுகிறார்கள், வீங்கிய கையை ஊன்றி எழ முடியவில்லை என்று. உள்ளங்கையைத் தரையில் வைப்பது வேறு, அதன்மீது உடம்பின் பாரத்தை ஏற்றுவது வேறு. அந்தக் கையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, பாரத்தை மற்றக் கையில் தாங்கி எழலாம். பக்கத்தில் முக்காலி வைத்து அதைப் பிடித்தும் எழலாம். ஸுஜூது செய்யவே முடியாதவர் தலை சாய்த்துச் சைகையால் செய்வார். இப்படிப்பட்டவருக்கு நிற்கும் கடமை ஷாபிஈ மத்ஹபில் நீங்காது. முடிந்த அளவு நின்றுவிட்டுப் பிறகு அமர்ந்து சைகை செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவர் முழுவதும் உட்கார்ந்தே தொழலாம். அவரவர் மத்ஹபைப் பார்த்துக்கொள்க.

உட்கார்ந்து தொழுதால் பாதி நன்மைதான் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது நிற்கச் சக்தி இருந்தும் நபிலை உட்கார்ந்து தொழுபவருக்குரிய கணக்கு. நோயாளியின் கணக்கு வேறு. அடியான் நோயுற்றாலோ பிரயாணம் சென்றாலோ, அவன் ஊரில் சுகமாக இருந்தபோது செய்துவந்த அமல்கள் அப்படியே அவனுக்கு எழுதப்படுகின்றன என்று அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரியின் ஹதீஸ் சொல்கிறது. பல வருஷம் தஹஜ்ஜுத் தொழுது, இன்று எழ முடியாமல் படுத்திருக்கும் சகோதரியின் ஏட்டில் இன்றிரவும் தஹஜ்ஜுத் எழுதப்படும் என்று நாம் ஆதரவு வைக்கலாம்.

ஒளுவில் ஒரு புதிய சிக்கல் வந்திருக்கிறது. கை வீக்கத்துக்கு மணிக்கட்டிலிருந்து மேற்கை வரை ஓர் இறுக்கமான உறை கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் 'ஸ்லீவ்' என்பார்கள். அதைப் பகலெல்லாம் மாட்டியிருக்க வேண்டும். முழங்கை வரை கழுவுவது ஒளுவின் பர்ளு. உறையோ அதன்மேல் இருக்கிறது. கழற்றி மாட்டுவதால் கைக்குத் தீங்கில்லை என்றால் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். ஸ்லீவ்மேல் தடவுவது போதாது. ஆனால் வீக்கம் அதிகமாகி, பல அடுக்காகத் துணிக்கட்டுப் போட்டு, இரவும் பகலும் அவிழ்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அது எலும்பு முறிவுக்குக் கட்டும் ஜபீராவின் சட்டத்தில் சேரும். வெளியே தெரியும் பாகத்தைக் கழுவி, கட்டின்மேல் ஈரக்கையால் தடவ வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் இத்துடன் தயம்மும் சேரும். தயம்மும் செய்யும் உறுப்பிலேயே கட்டு இருப்பதால் அதன் விவரங்களை ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்லீவ் போடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்வோம். ஒளு முறியாதவரை ஒரே ஒளுவில் எத்தனை வக்தும் தொழலாம். ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் வைத்துக்கொண்டால் ஒருமுறை கழற்றுவது இரண்டு தொழுகைக்கு ஆகும். இதில் எந்த மத்ஹபுக்கும் ஆட்சேபணை இல்லை. நோயாளி இரண்டு வக்தை ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவதைப் பொறுத்தவரை, ஷாபிஈ மத்ஹபின் பிரபல்யமான சொல் கூடாது என்பதே; ஆயினும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் கூடும் என்ற கருத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடும் நெருக்கடியில் அதைப் பற்றிப் பிடிப்போரை ஏசக் கூடாது. கை எட்டாதவருக்கு மகளோ கணவரோ தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். பிரயாணத்தில் முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களுக்கே ஒளுவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

குளிப்பில், தோல் உரிந்திருக்கும் நாட்களில் தண்ணீர் பட்டால் தீங்கு என்று மருத்துவர் சொன்னால், மற்ற உடம்பைக் கழுவிவிட்டு, அந்த இடத்துக்காக ஷாபிஈ மத்ஹபினர் தயம்மும் செய்வார்கள். ஹனஃபிகள் அந்த இடத்தைத் தடவுவார்கள். தடவுவதும் தீங்கென்றால் விட்டுவிடுவார்கள். தலையில் காயம்பட்ட அந்த ஸஹாபிக்கு மறுக்கப்பட்ட சலுகை இதுதான்.

நோன்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று அனுமதித்த அதே 2:185-ஆம் ஆயத்தில்தான், அல்லாஹ் நமக்கு இலகுவை நாடுகிறானேயன்றிச் சிரமத்தை நாடவில்லை என்பதும் வருகிறது. நோற்றால் நோய் கூடும் என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொன்னால் விட்டுவிட்டு, உடல் தேறியபின் களாச் செய்ய வேண்டும். தேறும் என்ற நம்பிக்கையே இல்லாத நிலையில் பித்யா: நாளொன்றுக்கு ஷாபிஈ மத்ஹபில் ஒரு முத்து அரிசி, ஹனஃபியில் ஸதக்கத்துல் பித்ரின் அளவு. சிகிச்சைக்குப் பின் பல வருஷம் தினம் ஒரு மாத்திரை சாப்பிடச் சொல்வார்கள். அந்த மாத்திரை ஒன்றை மட்டும் காரணமாக்கி நோன்பை விடுவது சரியல்ல. இரவில் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேட்டால் வழி கிடைக்கும்.

இதுவரை பெண்களுக்குச் சொன்னோம். இனி ஆண்களுக்கு. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ரு யுத்தம். இஸ்லாத்தின் முதல் பெரும் யுத்தம்; அதில் கலந்துகொள்வதைவிடப் பெரிய பாக்கியம் அன்று இல்லை. அந்த நேரத்தில் உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவி, நாயகத்தின் திருமகளார் ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றுக் கிடந்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மனைவியின் பக்கத்தில் இருக்கச் சொல்லி மதீனாவில் நிறுத்தினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் கனீமத்தின் பங்கும் உமக்கு உண்டு என்றும் வாக்களித்தார்கள். புகாரியில் இது இருக்கிறது. மனைவிக்குக் கஞ்சி காய்ச்சித் தருவதையும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதையும் ஆண்மைக்குக் குறைவென்று கருதுபவர், பத்ருப் போர்க்களத்துக்கு ஈடாக்கப்பட்ட ஒரு பணியைத்தான் குறைவென்கிறார்.

வீங்கிய கைக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்பதை அவர்கள் தெரிந்திருக்கட்டும். தண்ணீர்க் குடத்தையும் நனைந்த துணி நிரம்பிய வாளியையும் திடீரென்று அந்தக் கையால் தூக்க விடக் கூடாது. ஆனால் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு. பிஸியோதெரபியில் சொல்லித்தந்த பயிற்சியை நாள்தோறும் செய்ய வேண்டும். அந்தக் கையிலிருந்து இறுகிய வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். அரிவாள்மணை வெட்டு, அடுப்புச் சூடு, நகம் வெட்டும்போது வரும் சிறு புண் எல்லாமே அந்தக் கையில் பெரிதாகிவிடலாம். நோன்புக் கஞ்சிக்கு இறைச்சி நறுக்குவதை இந்த ரமலானில் மகனே செய்தால் என்ன? வீட்டில் இருக்கும்போது நாயகம் (ஸல்) அவர்கள் குடும்பத்தாரின் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கதிர் பட்ட மார்பில் சுடு ஒத்தடம் கொடுப்பது, பத்துப் போடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். அங்கே தோலின் உணர்ச்சி குறைந்திருப்பதால் சுட்டுப் புண்ணானாலும் தெரியாது. கை திடீரென்று சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் சளி என்று கஷாயம் குடித்துக்கொண்டிராமல், கதிர்வீச்சு வைத்ததைச் சொல்லிக் காட்ட வேண்டும். இடப்பக்கம் கதிர் வைத்தவர்கள், எத்தனை வருஷம் கழித்து எந்த மருத்துவரைப் பார்த்தாலும், நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ என்றால் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் காட்டுவது முதன்மை. இல்லாத இடத்தில், தேவையான அளவு ஆண் மருத்துவர் பார்ப்பதை நம் இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். கணவரோ மஹ்ரமோ உடனிருக்கட்டும். வெட்கத்தால் நாளைக் கடத்துவதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு நோவு மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் நாள் நெருங்க நெருங்க, மறுபடியும் வந்துவிட்டதோ என்ற பயம். இரவில் ஒரு சிறு குத்தல் வந்தாலும் கை தானாக மார்புக்குப் போகிறது. தைரியமாக இரு என்று சொல்லிவிட்டுப் போவது சுகமாக இருப்பவர்களுக்கு லேசு. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள் தம் உடம்பில் நீங்காத வலி ஒன்றைப் பற்றி முறையிட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததை முஸ்லிமில் காண்கிறோம். வலிக்கும் இடத்தில் கையை வைத்து, பிஸ்மில்லாஹ் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். பிறகு அல்லாஹ்வையும் அவனுடைய ஆற்றலையும் கொண்டு, தாம் உணரும் தீங்கிலிருந்தும் தாம் அஞ்சும் தீங்கிலிருந்தும் ஏழு முறை காவல் தேட வேண்டும். உணரும் தீங்கு வலி. அஞ்சும் தீங்கு இன்னும் வராதது. இரண்டுக்கும் ஒரே துஆவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பயத்தை மறைத்துக்கொண்டு ஓத வேண்டும் என்று சொல்லப்படவில்லை. அந்தப் பயத்தின் பெயரைச் சொல்லியே ஓதும்படி கற்றுத்தந்திருக்கிறார்கள். அரபி வாசகத்தைப் பள்ளி இமாமிடம் கேட்டு மனனம் செய்துகொள்ளுங்கள். கை உயராத சகோதரிக்கு அவர் மகளோ கணவரோ அந்த இடத்தில் கை வைத்து ஓதட்டும். பரிசோதனைத் தேதியை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். வல்லாஹு அஃலம்.